பரு மாத்திரையும் கயிறும்

மார்ச் 3, 2025, திங்கள்

கிரவுண்டிலிருந்து வந்த தம்பி, பனியனைக் கழற்றிவிடச் சொல்லி என்னைக் கூப்பிட்டான். கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. சனி, ஞாயிறு இரண்டு நாளும் கோச் கயிறு ஏற விட்டிருக்கிறார். அதோடு வழக்கமான 1500 மீட்டர். 7 நிமிஷத்துக்குள் ஓடி முடித்தால்தான் போலீஸ் செலெக்‌ஷனில் மேற்கொண்டு போக முடியும்.

"புதுசா கயிறு ஏறுனா எல்லாருக்கும் வலிக்கத்தாம்ல செய்யும்" என்று அம்மா தைலத்தோடு வந்துவிட்டாள். வலிக்கும், சரி. ஆனால் இவனுக்கு ஜனவரியிலிருந்தே இடுப்புப் பிடிப்பு. பரு மாத்திரை ஆரம்பித்ததும் அந்த மாசம்தான். உதடு வெடித்து, மூக்கு உலர்ந்து ரத்தம் கசிந்ததை எல்லாரும் மாத்திரைக் கணக்கில் எழுதினோம். இடுப்புவலி ஓட்டத்தின் கணக்கில் போய்விட்டது.

மார்ச் 4, செவ்வாய்

காலையில் கக்கூஸ் வாசலில் நின்று கத்தினான். "யக்கா, ஒண்ணுக்கு கட்டங்காப்பியா போகுது." பாட்டிலில் பிடிக்கச் சொல்லி, லேபுக்குப் போகும்போதே எடுத்துக்கொண்டு போனேன்.

ஸ்ட்ரிப்பை முக்கி எடுத்ததும் ரத்தத்துக்கான கட்டம் கரும்பச்சையாக மாறியது, மூன்று பிளஸ். அப்படியானால் மைக்ராஸ்கோப்பில் சிவப்பணு குவிந்து கிடக்க வேண்டும். ஸ்லைடு முழுக்கத் தேடியும் ஒன்றிரண்டு தவிர எதுவும் இல்லை. ஸ்ட்ரிப்புக்கு ரத்தத்தின் ஹீமோகுளோபினும் தசையின் மயோகுளோபினும் ஒன்றுதான், இரண்டுக்கும் நிறம் மாறும். அவனை வரச்சொல்லி ரத்தம் எடுத்துச் சுற்றினேன். சீரம் தெளிந்த வைக்கோல் நிறம். ரத்த அணு உடைந்திருந்தால் அது சிவந்திருக்கும். உடைந்தது தசை.

தசை உடைந்தால் ரத்தத்தில் ஏறும் என்சைம் சிபிகே, அது 14,600. சாதாரணமாக 200 பக்கம் இருக்க வேண்டியது. மெஷின் முதலில் எண்ணே தரவில்லை, சீரத்தை நீர்க்க வைத்து மறுபடி ஓட்டினேன். எஸ்ஜிஓடி 298, எஸ்ஜிபிடி 84. பிலிருபினும் ஜிஜிடியும் நார்மல். சிபிகே பார்க்காமல் இந்தத் தாளை மட்டும் பார்ப்பவர் கல்லீரல் என்றுதான் நினைப்பார், அதுவும் பரு மாத்திரை என்று தெரிந்தால் நிச்சயமாக. எஸ்ஜிஓடி தசையிலும் இருக்கிறது. கிரியேட்டினின் 1.2, பொட்டாசியம் சரி. அந்த இரண்டையும் பார்த்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

பத்து மணிக்குள் பெரியாஸ்பத்திரியில் சேர்த்தாயிற்று.

மார்ச் 5, புதன்

சலைன் போய்க்கொண்டே இருக்கிறது. மணிக்கு 200 மில்லி போலச் சிறுநீர் இறங்க வேண்டுமாம். மயோகுளோபின் தங்கினால் சிறுநீரகம் கெட்டுவிடும், அதற்குத்தான் இவ்வளவு தண்ணீர். அளக்கிற வேலை அம்மாவுக்கு. ஒவ்வொரு தடவையும் ஜாடியை வெளிச்சத்தில் பிடித்து நிறம் பார்க்கிறாள்.

டாக்டர் வரிசையாகக் கேட்டார்: காய்ச்சல் உண்டா, கொலஸ்ட்ரால் மாத்திரை, ஜிம் பவுடர், வலி ஊசி? எல்லாவற்றுக்கும் இல்லை. வலிக்கு டைக்ளோபினாக் பக்கம் போகவே கூடாது, சிறுநீரகத்துக்கு அது வேறு இடி என்றார். பிறகு "வேற மாத்திரை?" இவன் கன்னத்தைத் தடவிக்கொண்டு, "மூஞ்சிக்கு ஒண்ணு சார்" என்றான். ஐசோட்ரெட்டினாயின், தினம் 40 மில்லிகிராம். நேற்றே நிறுத்தியாயிற்று.

ராத்திரி பெட்டிக்குள் இருந்த தாளைப் படித்தேன். மருந்து ஒன்றும் புதிதில்லை. வைட்டமின் ஏ வகையறா, அமெரிக்காவில் 1982இலேயே அனுமதி வாங்கியது. பழைய சோதனை ஒன்றில் 100 பேரில் சுமார் 16 பேருக்குத் தசை, மூட்டுத் தொந்தரவு வந்திருக்கிறது. பெரும்பாலும் லேசானது, நிறுத்தினால் போய்விடும். கடும் உடற்பயிற்சி செய்கிறவர்களுக்கு சிபிகே ஏறலாம். தசை சிதைவது மிக அரிது. அதிலும் சிலருக்குக் கடுமையான உடலுழைப்புக்குப் பிறகு. கர்ப்ப எச்சரிக்கை அட்டையிலேயே பெரிதாக இருக்கிறது, இருக்கவும் வேண்டும். தசை பற்றியது உள்ளே, பொடி எழுத்தில்.

மார்ச் 7, வெள்ளி

சிபிகே 5,310. சிறுநீர் தெளிந்துவிட்டது. பிரியாணி கேட்கிறான்.

மார்ச் 13, வியாழன்

சிபிகே 380. தோல் டாக்டரம்மாவிடம் போனோம். சண்டை போடவே அம்மா கிளம்பி வந்தாள், தேவைப்படவில்லை. அந்தம்மா ரிப்போர்ட்டை இரண்டு தடவை படித்துவிட்டு, "தினம் ஓடுறியா? எங்கிட்ட சொல்லவே இல்லையேப்பா" என்றார். அவர் கேட்கவும் இல்லை. எழுதிக்கொடுத்த டெஸ்டில் கொழுப்பு இருந்தது, கல்லீரல் இருந்தது. சிபிகே எல்லாருக்கும் எழுதுவதில்லை. எழுதினால் வீணாகப் பயப்படுகிறவர்கள்தான் அதிகம் என்பது என் அபிப்பிராயமும். ஆனால் என்ன வேலை, என்ன பயிற்சி என்று ஒரு வார்த்தை கேட்க டெஸ்ட் வேண்டாமே.

மாத்திரையா, கயிறா என்று கேட்டால் டாக்டருக்கும் பிரித்துச் சொல்ல முடியாது. வெறும் பயிற்சியாலும் இப்படி ஆகும். இரண்டும் சேர்ந்தது என்பதுதான் அவர் கணக்கு. உடம்பு எடைக்குக் கிலோவுக்கு 120 முதல் 150 மில்லிகிராம் வரை மொத்தமாக உள்ளே போனால்தான் பரு திரும்பி வரும் வாய்ப்பு குறையுமாம். 65 கிலோவுக்கு 8,000 மில்லிகிராம் போல. இவன் கால்வாசிதான் தாண்டியிருக்கிறான். இப்போதைக்குப் பூசுகிற மருந்து மட்டும். செலெக்‌ஷன் முடிந்தபின் வேண்டுமானால் யோசிக்கலாம், அதுவும் சிபிகே பார்த்துப் பார்த்து என்றார்.

வெளியே வந்ததும் தம்பி கேட்டது: "போட்டோவுல பரு தெரியுமாக்கா?"

மார்ச் 24, திங்கள்

அவனுக்கு 150. நடக்கலாம், மெதுவாக ஓடலாம், கயிறு இன்னும் கூடாது.

இப்போது கிரவுண்டுப் பையன்கள் லேபுக்கு வருகிறார்கள். "எங்களுக்கும் அந்த டெஸ்ட் பாருங்கக்கா." இன்று ஒருத்தனுக்கு 940. மாத்திரை எதுவும் சாப்பிடாதவன். நேற்றுக் கயிறு ஏறியிருக்கிறான், அவ்வளவுதான். நேற்றுக் கயிறு ஏறின யாருக்குப் பார்த்தாலும் ஏறித்தான் இருக்கும். சிறுநீர் சுத்தமாக இருந்தது. நாலைந்து நாள் ஓய்வெடுத்துவிட்டு வெள்ளிக்கிழமைக்கு மேல் வா, மறுபடி பார்க்கலாம், அதுவரை கிரவுண்டு வேண்டாம் என்றேன்.

"அதெல்லாம் முடியாதுக்கா, கோச் திட்டுவாரு" என்றவன், ரிப்போர்ட்டை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு, ஏதோ மார்க் வாங்கினவன் மாதிரி மற்றவர்களிடம் 940 என்று சொல்லிக்கொண்டே போனான்.