நெடுங்காட்டிலிருந்து வெண்மணி வரை

காரைக்காலுக்கு வடமேற்கே வயல்களின் நடுவே அமைந்த ஊர் நெடுங்காடு. பெயரில்தான் காடு, கண்ணுக்கெட்டிய தூரம் நெல்லே. காவிரியின் கடைமடையாதலால் தண்ணீர் இங்குத் தாமதித்தே வந்து சேரும். 1954 வரை பிரெஞ்சுக்காரர் ஆண்ட மண் இது. இன்று புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சார்ந்தது. எல்லையைத் தாண்டித் தமிழகத்தினுள் சென்றாலும் அதே வரப்பு, கூலிக்கு நாற்று நடும் அதே கைகள்.

2004 டிசம்பர் 26, ஞாயிறு காலை. அன்றைய கடல்கோள் நெடுங்காடு வரை வரவில்லை. ஆனால் காரைக்கால் கரையோரத்து மீனவக் குப்பங்களில் நூற்றுக்கணக்கானோர் மாண்டனர்; அடுத்துள்ள நாகப்பட்டினம் மாவட்டத்தில் ஆறாயிரத்திற்கும் மேற்பட்டோர். வேளாங்கண்ணிக்கு வந்த திருப்பயணிகளும் அவர்களுள் அடங்குவர். இது பாவத்திற்குத் தண்டனை என்று பேசியோர் உண்டு. “சாமி, நோவே காலத்து வெள்ளம் மாதிரிதானே இதுவும்?” என்று பெரியவர் ஒருவர் என்னிடம் கேட்டார்.

ஆதியாகமம் ஆறாம் அதிகாரத்தைப் பொறுமையாகப் படிக்க வேண்டும். பூமி வன்செயலால் நிறைந்திருந்தது என்பதே அங்குக் கூறப்படும் காரணம். வலை உலர்த்திக்கொண்டிருந்தவனும் தொட்டிலில் கிடந்த குழந்தையும் செய்த வன்செயல் யாது? வெள்ளத்திற்குப் பின் இறைவன் தம் வில்லை மேகத்தில் வைத்து, இனி வெள்ளத்தால் உயிர்களை அழிப்பதில்லை என்று உடன்படிக்கை செய்கிறார். ஒவ்வோர் அலைக்கும் நோவேயைச் சாட்சிக்கு அழைப்போர் அந்த வரலாற்றைப் பாதியிலே மூடிவிடுகின்றனர்.

வன்செயலைக் காண வேண்டுமாயின் நாகப்பட்டினம் வழியாகக் கீழ்வேளூர்ப் பக்கம் செல்ல வேண்டும். அங்குள்ளது கீழ்வெண்மணி. 1968 டிசம்பர் 25 இரவு, நாம் பாலன் பிறந்தார் என்று பாடிய அதே இரவு, தாழ்த்தப்பட்ட சமுதாயத்து விவசாயக் கூலிகளின் குடும்பங்களைச் சேர்ந்த 44 பேர் ஒரு சிறு குடிசையினுள் எரிக்கப்பட்டனர். பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளுமே. அவர்கள் சங்கம் சேர்ந்தனர், கூலி உயர்வு கேட்டனர், அதுவே குற்றம். கீழ் நீதிமன்றம் தண்டித்தவர்களை 1973-இல் உயர்நீதிமன்றம் விடுவித்தது. காரும் நிலமும் உடையவர்கள் தாமே நடந்து சென்று தீ வைத்திருப்பர் என்று நம்புவது கடினம் என்ற கருத்தும் அத்தீர்ப்பில் இருந்தது.

ஆபேலின் இரத்தம் மண்ணிலிருந்து கூக்குரலிடுவதைக் கேட்ட கடவுள் இதைக் கேட்கவில்லையா? கேட்டார் என்றே விசுவசிக்கிறேன். ஆயினும், காயினைக் கொல்லத் துணிபவனுக்கும் ஏழு மடங்கு பழி வரும் என எச்சரித்து அவனுக்கு அடையாளமிட்டவரும் அவரே. வழக்கில் முதன்மையாகக் குற்றஞ்சாட்டப்பட்ட நிலக்கிழார் 1980-இல் வெட்டிக் கொல்லப்பட்டார். இதுவே கடவுளின் தீர்ப்பு என்பாரும் உளர். மனிதர் நீதி வழங்க மறுத்ததன் விளைவு அது என்பேன். அதைக் கடவுளின் கணக்கில் எழுத எனக்குத் துணிவில்லை.

எரிக்கோவில் ஆண், பெண், சிறுவர், முதியோர் அனைவரும் வாளுக்கு இரையாயினர் என யோசுவா நூல் கூறுவது இதனினும் கடினம். மூன்றாம் நூற்றாண்டிலேயே ஓரிஜன் அப்போர்களை நம் உள்ளத்துத் தீமைகளோடு நாம் நிகழ்த்தும் போராகக் கொண்டார். 2010-இல் பதினாறாம் பெனடிக்ட் பாப்பரசர், இத்தகைய இருண்ட பகுதிகளை அவற்றின் காலச் சூழலில் வைத்து, கிறிஸ்துவின் ஒளியில் படிக்கப் பணித்தார். நல்ல வழிதான். எனினும் ஞானப் பொருள் சொல்லிவிட்டதாலேயே எரிக்கோவின் குழந்தைகள் மறைந்துவிடுவதில்லை. பிறர் நிலத்தைப் பறித்தோர் எத்தனை முறை இந்நூலைக் கையில் ஏந்தினர் என்பதையும் சரித்திரம் மறக்கவில்லை.

வெண்மணியில் ஆண்டுதோறும் டிசம்பர் 25 அன்று மக்கள் கூடி அஞ்சலி செலுத்துகின்றனர். அன்றைய திருப்பலியின் பொது மன்றாட்டில் அந்த 44 பேரையும் சேர்த்துக்கொள்ள நம் பங்குகளுக்கு எந்தத் தடையுமில்லை.