கலங்கின தண்ணீர்

சுத்தத்தில் எனக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு. என் வீட்டுப் பாத்திரத்தில் முகம் பார்க்கலாம் என்று பக்கத்து வீட்டு மாமி சொல்வாள். அந்தச் சுத்தத்தாலேயே நூற்றுக்கணக்கான உயிர்களைக் கொன்றேன் என்றால் நம்புவீர்களா?

என் தம்பி இறால் குஞ்சுப் பண்ணையில் வேலை பார்க்கிறான். லீவில் வந்தபோது, என் பையன் வளர்க்கும் மீன்களுக்காக ஒரு புட்டியில் பழுப்புப் பொடி கொண்டு வந்தான். பார்த்தால் சுக்குப் பொடி. அத்தனையும் ஆர்ட்டீமியா என்ற உவர்நீர் இறாலின் முட்டைகளாம்! லிட்டருக்கு 30 கிராம் கல்லுப்பு கரைத்த ஜாடியில் போட்டுக் காற்றுக் குமிழி விட்டான். மறுநாளே செம்மஞ்சள் புள்ளிகளாக நீந்தின. பாதி மீன்களுக்குப் போயிற்று. மீதியை வளர்க்க வேண்டுமென்று பையன் அடம் பிடித்தான். தம்பி தினமும் சிட்டிகை தவிடும் துளி வெல்லக் கரைசலும் விட்டு வந்தான்.

அவன் ஊருக்குப் போனதும் பார்க்கிறேன், ஜாடி கழுநீர் மாதிரி கலங்கிக் கிடக்கிறது. எனக்குப் பொறுக்குமா? வடிகட்டிப் புது உப்புத் தண்ணீரில் விட்டேன். தவிடும் வெல்லமும் நிறுத்தினேன். தினமும் இதே கைங்கரியம். ஐந்தாம் நாள் ஒன்றுகூட மிஞ்சவில்லை. பையன் அன்று சாப்பிடவேயில்லை.

"அக்கா, நீ கொட்டினது அழுக்கில்லை, அதுகளோட சாப்பாடு!" என்றான் தம்பி போனில்.

விஷயம் இதுதான். இறாலின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகிறது, அது விஷம். வெல்லம் சேர்ந்தால் பாக்டீரியாக்கள் அந்த இனிப்பையும் அம்மோனியாவையும் சேர்த்து உண்டு பெருகி, நுண்ணிய திப்பிகளாகத் திரள்கின்றன. ஆர்ட்டீமியா மல்லாந்து நீந்தி, இலை போன்ற 11 ஜோடிக் கால்களால் அவற்றை வடிகட்டித் தின்கிறது. மில்லிமீட்டரில் இருபதில் ஒரு பங்குக்குள் இருந்தால் போதும், உள்ளே போய்விடும். விஷமும் குறைந்தது, விருந்தும் ஆயிற்று! ஆனால் வெல்லம் மிஞ்சினால் பாக்டீரியாக்களே பிராண வாயுவைத் தீர்த்துவிடும். குமிழி நிற்கவே கூடாது.

தூத்துக்குடி உப்பளங்களில் காணப்பட்ட ஒரு வகை ஆர்ட்டீமியாவுக்கு ஆண் துணையே வேண்டாமாம். பெண்ணே பெண்ணைப் பெற்றுக்கொள்கிறது. (என் வீட்டுக்காரரிடம் இதைச் சொல்லவில்லை.)

தம்பி இன்னொரு புட்டி அனுப்பினான். இன்றோடு பதினெட்டு நாள். ஒரு சென்டிமீட்டர் நீளத்துக்கு வளர்ந்துவிட்டன. நேற்று மாமி வந்தாள். ஜன்னலோரம் கலங்கின ஜாடியைப் பார்த்து, "என்னடி இது, உன் வீட்டிலா?" என்று மூக்கைச் சுளித்தாள்.

நான் காப்பி கலக்க உள்ளே போய்விட்டேன்.