உயரத்திலிருந்து ஊற்றிய தண்ணீர்

பொள்ளாச்சியிலிருந்து கொல்லங்கோடு போகிற சாலையில் கோவிந்தாபுரம் சோதனைச்சாவடியைத் தாண்டினால் கேரளம். முதலமடை ஊராட்சி, மாந்தோப்புகளின் ஊர். கடைப் பலகை மலையாளத்தில் இருக்கும், கடைக்குள் பேச்சு தமிழில் நடக்கும். இங்குள்ள அம்பேத்கர் காலனியின் பெயர் 2017 ஜூன் மாதம் செய்தித்தாள்களில் அடிபட்டது. சாதி மாறி நடந்த திருமணத்தை ஒட்டித் தகராறு எழுந்தது. குடிநீர்க் குழாயிலும் தேநீர்க் கடையிலும் தங்களை ஒதுக்கிவைக்கிறார்கள் என்று அருந்ததியர் குடும்பத்தினர் வாய்விட்டுச் சொன்னார்கள். அரசியல்வாதிகள் வந்தார்கள், காலனியில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள், போனார்கள். பெரியவர்கள் சொன்னது அச்சில் வந்தது. குழாயடியில் குடத்தோடு ஒதுங்கி நின்ற பிள்ளைகளுக்கு உள்ளே என்ன ஆயிற்று என்பதை நான் படித்த எந்தச் செய்தியும் சொல்லவில்லை.

நானும் இந்த எல்லைப் பக்கத்துப் பிள்ளைதான். வீட்டில் பாட்டி தெலுங்கு, தெருவில் தமிழ், பள்ளியில் மலையாளம். பள்ளிக்கூடம் விட்டு வரும் வழியில் ஒரு வீட்டுத் திண்ணையில் தண்ணீர் கேட்போம். கூட வரும் பிள்ளைகளுக்குச் சொம்பைக் கையில் கொடுப்பார்கள். நான் மட்டும் படிக்குக் கீழே குனிந்து இரண்டு கையையும் குவித்து நிற்க வேண்டும். மேலே இருந்து ஊற்றுவார்கள். குவித்த கையில் பாதி, முழங்கை வழியாக வழிந்து சட்டைக்குள் பாதி. வீட்டுக்கு வந்ததும், விளையாட்டில் நனைந்துவிட்டது என்று பொய் சொல்வேன். யாரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. அதனாலேயே அதை அநியாயம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஏதோ என்மேல்தான் குறை என்று நினைத்துக்கொண்டேன்.

கல்லூரி நாளில் ஒரு விடுமுறைக்கு வந்தபோது அதை எழுதினேன். கவிதை என்று சொல்லக் கூச்சமாக இருந்தது. ஈரச் சட்டையைப் பற்றிச் சில வரிகள், அவ்வளவுதான். அம்மா மாந்தோப்பு வேலை முடிந்து வந்து காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள். கையில் மாங்காய்ப் பால் பட்டுக் கறுத்த தடம். படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை.

“உனக்குமா கண்ணு அப்படி ஊத்துனாங்க? எங்கிட்டச் சொல்லவே இல்லியே.”

“நீ ஏம்மா எங்கிட்டச் சொல்லல?”

அன்று இரவு அம்மா நெடுநேரம் பேசினாள். அவளுக்கு நடந்தது, அவள் அம்மாவுக்கு நடந்தது. ஒரே வீட்டில் மூன்று தலைமுறைப் பெண்கள் ஒருவருக்கொருவர் தெரியாமல் அதே வெட்கத்தைச் சுமந்திருக்கிறோம். எழுதிய வரிகள் நன்றாக இருந்தனவா என்பது பெரிதில்லை. அந்த வெட்கம் எங்களுக்கு உரியது இல்லை என்று அன்று எங்கள் இருவருக்கும் விளங்கியது. என் காயம் ஆறத் தொடங்கியது அங்கேதான்.

காயத்தைச் சொல்லி ஆற்றும் இந்த வழி கேரள மண்ணுக்குப் புதிதல்ல. 1879இல் இரவிப்பேரூரில் பிறந்த பொய்கையில் அப்பச்சன் அடிமைக் குடிகளின் வழிவந்தவர். திருவிதாங்கூரில் 1855இல் அடிமை முறை சட்டப்படி ஒழிந்தது. எங்கள் பாலக்காடு இருந்த மலபாரில் அதற்கும் முன்பே, 1843இல். ஆனால் தாய் ஒரு பக்கம் தகப்பன் ஒரு பக்கம் என்று விற்கப்பட, நடுவில் அநாதையாக நின்ற பிள்ளைகளின் துயரம் சட்டத்தோடு ஒழியவில்லை. 1909இல் பிரத்யட்ச ரட்சா தெய்வ சபையைத் தொடங்கிய அப்பச்சன் அந்தப் பிள்ளைகளைப் பற்றிப் பாட்டுக் கட்டினார். தங்கள் குலத்தைப் பற்றி ஏட்டில் எதுவும் எழுதி வைக்கப்படவில்லையே என்று பாட்டிலேயே நியாயம் கேட்டார். கூட்டத்தில் அதைக் கேட்டவர்கள் வாய்விட்டு அழுதார்கள். சபையார் இன்றும் அந்தப் பாட்டுகளைப் பாடுகிறார்கள். நடந்ததை மறந்துவிடு என்று அவர் யாருக்கும் ஆறுதல் சொல்லவில்லை. நினைத்துப் பார், சேர்ந்து பார் என்றார். இதைவிடப் பெரிய வைத்தியம் எனக்குத் தெரியாது.

தமிழில் கவிஞர் சுகிர்தராணி இருக்கிறார். ராணிப்பேட்டைப் பக்கம் லாலாப்பேட்டைக்காரர், பள்ளி ஆசிரியர். வகுப்பில் அப்பாவின் தொழிலைச் சொல்ல முடியாமல் அடி வாங்கிய சிறுமியை அவர் கவிதையில் சந்தித்தவர்கள் மறக்க மாட்டார்கள். அந்தச் சிறுமி வளர்ந்து, யார் கேட்டாலும் தன் சாதியை ஒளிக்காமல் சொல்கிற பெண்ணாக நிமிர்வதும் அதே கவிதையில்தான். 2021இல் தில்லிப் பல்கலைக்கழகம் அவருடைய கவிதைகளையும் எழுத்தாளர் பாமாவின் படைப்பையும் ஆங்கிலப் பாடத்திட்டத்திலிருந்து நீக்கியது. ஆறுவதற்காக எழுதியதைக்கூடக் காதில் வாங்க மறுக்கும் இடங்கள் இன்னும் இருக்கின்றன.

எழுதினால் உடனே மனம் லேசாகிவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். அமெரிக்க உளவியலாளர் ஜேம்ஸ் பென்னிபேக்கர் 1980களில் கல்லூரி மாணவர்களைத் தினம் 15 நிமிடம், 4 நாள் தங்கள் ஆழ்ந்த காயங்களைப் பற்றி எழுதச் சொன்னார். எழுதிய கையோடு அவர்கள் மனம் இன்னும் கலங்கியது. பிறகு வந்த மாதங்களில்தான் அவர்கள் மருத்துவரிடம் போவது குறைந்தது. எனக்கும் முதலில் தூக்கம்தான் கெட்டது. சிலருக்கு மனநல மருத்துவர் கட்டாயம் வேண்டும், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. இன்னொன்று: ‘அதுதான் எழுதிவிட்டாயே, வழக்கு எதற்கு’ என்பவர்களோடு எனக்கு உடன்பாடே கிடையாது. தீண்டாமைக்கு 1989ஆம் ஆண்டு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் இருக்கிறது. காயத்துக்குக் கவிதையும் குற்றத்துக்குச் சட்டமும், இரண்டும் வேண்டும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்கள் வகுப்பில் ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி ஒரு தாளை நீட்டினால், சிவப்பு மையை எடுக்காதீர்கள். எந்த மொழியில் இருந்தாலும், மூன்று மொழி கலந்திருந்தாலும், உட்கார்ந்து முழுவதும் கேளுங்கள். அதில் ஒரு கொடுமை சொல்லப்பட்டிருந்தால் தாளைப் பத்திரப்படுத்துங்கள், பிள்ளையின் பெயரை ஊருக்குச் சொல்லாதீர்கள், 1098க்குப் பேசுங்கள். குழந்தைகளுக்கான உதவி எண் அது. பகலானாலும் இரவானாலும் கட்டணமில்லாமல் அழைக்கலாம்.