வெயில் சோறாகும் விதம்

கல்முனையிலிருந்து கிட்டங்கித் தாம்போதியைக் கடந்து சவளக்கடைக்கு வந்தால் கண்ணுக்கெட்டிய தூரம் வயல்தான். இங்குள்ள பிள்ளைகளுக்கு வேளாண்மை பற்றி நாம் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை. ஆனால் "நெல்லுக்குச் சாப்பாடு எது?" என்று மாலை வகுப்பில் கேட்டால், "யூரியா" என்ற பதிலே முதலில் வருகிறது.

நான் சமூகவியல் படித்தவள். வன்செயலால் பாதிக்கப்பட்ட, குடும்பத்தைத் தனியே சுமக்கின்ற பெண்களின் வீடுகளுக்குப் போவதுதான் என் வேலை. அவர்களது மகள்மார் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கும்போது, விஞ்ஞானத்தில் உயிரிகளின் சக்தி மாற்றம் விளங்கவில்லை என்றார்கள். பாடப்புத்தகத்தை வைத்துக்கொண்டு எல்லோரும் சேர்ந்தே படிக்கத் தொடங்கினோம்.

யூரியாவில் இருப்பது நைதரசன். இலை தன் பச்சையத்தை ஆக்குவதற்கு அது வேண்டும். 2021இல் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்டபோது பயிர் மஞ்சளித்து நின்றதைப் பிள்ளைகள் கண்டிருக்கிறார்கள். பச்சையம் குறைந்தால் வெயிலைப் பிடிக்கும் திறனும் குறையும். இலையானது வெயிலின் சக்தியைக் கொண்டு, காற்றிலுள்ள காபனீரொட்சைட்டையும் வேர் தரும் நீரையும் சேர்த்துக் குளுக்கோசாக்குகிறது. இதுவே ஒளித்தொகுப்பு. ஒளிச்சக்தி இரசாயனச் சக்தியாகி, மாப்பொருளாக நெல்மணிக்குள் சேமிக்கப்படுகிறது. ஆக, நாம் சாப்பிடும் சோறு ஒருவகையில் வெயில்தான்.

சேமித்த சக்தி எப்படி வெளியே வருகிறது என்பதே பிள்ளைகளுக்குக் கடினமாக இருந்தது. புத்தகத்தில் வெப்பக்குடுவை, வெப்பமானி, முளைக்கும் வித்துகள் என்று ஒரு பரிசோதனை உண்டு. எங்களிடம் வெப்பமானி இல்லை. வகுப்பின் பின்னால் மகளுக்காகக் காத்திருந்த ஒரு தாய் கேட்டார்: "விதை நெல்ல ஊறப்போட்டுச் சாக்கில கட்டி வெச்சா, உள்ளுக்குக் கை வெக்கச் சுடுமே, அதுவா மிஸ்?"

அதேதான். முளைக்கின்ற நெல் சுவாசிக்கிறது. சேமித்த மாப்பொருளைச் சீனியாக்கி, ஒட்சிசனோடு சேர்த்து உடைத்து, முளையையும் வேரையும் வளர்க்கிறது. சக்தியின் ஒரு பகுதி வெப்பமாக வெளியேறுகிறது. அவித்த நெல்லைக் கட்டி வைத்தால் அப்படிச் சுடாது, உயிர் போய்விட்டதே! எந்த ஆய்வுகூடத்தையும்விட அந்தச் சாக்கு நன்றாகப் பாடம் நடத்தியது. நம் உடலிலும் நடப்பது இதுதான். மண்வெட்டி பிடிக்கும்போது தசை செலவழிக்கும் சக்தியில் கால்பங்கு அளவே வேலையாகிறது, மிகுதி வெப்பமாகிறது. வியர்ப்பது அதனால்தான்.

அந்தத் தாய் 1990 வன்செயலில் வாப்பாவை இழந்து, ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவர். தன் மகளையும் நிறுத்துவதற்கு யோசித்துக்கொண்டிருந்தார். "இவளுக்குப் படிப்பு ஏறாது மிஸ். புத்தகத்தைத் தொட்டா நித்திரை. தையலுக்கு உட்டா கொஞ்சம் காசாவது வரும்" என்றார். பிள்ளை காலையில் வெறும் தேயிலைத் தண்ணியோடு பாடசாலைக்குப் போகிறாள். இருந்து படிப்பவளுக்கு என்ன பெரிய சாப்பாடு என்று நம்மில் பலர் நினைக்கிறோம். ஓய்வாக இருக்கும்போது உடல் செலவழிக்கும் சக்தியில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு மூளைக்கே போகிறது.

வைத்தியசாலையில் இரத்தம் சோதித்தபோது இரும்புச்சத்துக் குறைவு என்றார்கள். இதையும் வகுப்பில் பேசினோம். இரத்தத்தில் ஒட்சிசனைச் சுமக்கும் ஈமோகுளோபினுக்கு இரும்பு வேண்டும். ஒட்சிசன் போதாவிட்டால், சோறு வயிற்றில் இருந்தாலும் அதன் சக்தியை உடலால் நன்றாக எடுக்க முடியாது. ஒட்சிசன் இல்லாமல் குளுக்கோசை உடைத்தால் கிடைப்பது ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்குதான். மாதவிடாயால் இரும்பை இழக்கும் பெண்பிள்ளைகளுக்கு இந்தக் குறைவு இலகுவில் வரும். அதைச் சோம்பல் என்று பேர் வைத்து ஏசுகிறோம்.

வைத்தியர் மாத்திரை கொடுத்தார். சாப்பிட்ட கையோடு தேயிலை குடிக்க வேண்டாம், ஒரு மணித்தியாலமாவது போகட்டும் என்றார். தேயிலை இரும்பை உடலில் சேரவிடாது. கீரைக்குத் தேசிக்காய்ப்புளி விட்டால் நன்றாகச் சேரும். பிள்ளை இன்னும் பாடசாலைக்குப் போகிறாள். தையலைப் பரீட்சைக்குப் பிறகு பார்ப்போம் என்று உம்மா சொல்லியிருக்கிறார். அவரது இரத்தத்தையும் சோதிக்கச் சொல்லியிருக்கிறேன். பிள்ளைகள் தின்று முடித்தபின் சட்டியில் மிஞ்சியதைச் சாப்பிடுகிறவர் அவர், நம்மில் பலரைப் போல.

போன கிழமை அவரே ஒரு கேள்வியோடு வந்தார். "சோத்துக் கஞ்சிய வடிச்சு ஊத்துறமே, அதோடயும் வெயில் போகுதா?"

வடித்த கஞ்சியில் கொஞ்சத்தைச் சிரட்டையில் எடுத்து, ஒரு துளி அயடீன் விட்டோம். கருநீலமானது. அதில் மாப்பொருள் இருந்தது. அயடீன் விட்டதைக் குடிக்கக்கூடாது என்று சொல்லி ஊற்றிவிட்டு, மிகுதிக் கஞ்சிக்கு உப்புப் போட்டு எல்லோரும் குடித்தோம்.