இடப்பக்கம் போன சாவி

1971இல் வெளிவந்த ‘லெ மான்’ படத்தில் ஸ்டீவ் மெக்வீன் கட்டியிருப்பது நீல டயல் வைத்த சதுர வாட்ச், ஹாயர் மோனாக்கோ. பார்ப்பவர் கண்ணில் முதலில் படுவது அந்தச் சதுரம்தான். என்னை உறுத்தியது சாவி. குரோனோகிராஃபை, அதாவது வாட்சுக்குள்ளேயே இருக்கும் ஸ்டாப்வாட்சை, ஓடவிட்டு நிறுத்தும் பொத்தான்கள் இரண்டும் வலப்பக்கம் இருக்க, நேரம் திருத்தும் சாவி மட்டும் இடப்பக்கம் தனித்து நிற்கிறது. யாரும் ஆசைப்பட்டு அதை அங்கே வைத்திருக்க முடியாது.

இதற்கு வழக்கமாக ஒரு விடை சொல்வார்கள்: ஆட்டோமேட்டிக் வாட்சுக்குத் தினமும் சாவி கொடுக்க வேண்டாம், அதை நினைவூட்டத்தான் இந்த ஏற்பாடு என்று. அழகான விடை, விற்பனைக்கும் ஏற்றது. ஆனால் உண்மைக் காரணத்தை உள்ளே இருக்கும் மெஷினில்தான் தேட வேண்டும்.

அந்த மெஷினின் பெயர் காலிபர் 11. அதற்குப் பெற்றோர் பலர். 1960களின் நடுவில் குரோனோகிராஃப் விற்பனை சரிந்தது; மக்கள் ஆட்டோமேட்டிக்கைக் கேட்டார்கள், ஆட்டோமேட்டிக் குரோனோகிராஃபோ எவரிடமும் இல்லை. தனியாகச் செய்யும் செலவைத் தாங்க முடியாத ஹாயரும் பிரைட்லிங்கும், சந்தையில் போட்டியாளர்களாக இருந்தும், கைகோத்தன. ரகசியப் பெயர் ‘புராஜெக்ட் 99’. அடிமெஷினைத் தந்தது பியூரன் நிறுவனம். 1966இல் அதை ஹாமில்டன் வாங்கிவிட்டதால் அமெரிக்கர்களும் கூட்டாளிகளானார்கள். குரோனோகிராஃப் பகுதியைச் செய்தது சுவிட்சர்லாந்தின் ஜூ பள்ளத்தாக்கில் இருக்கும் டுபுவா தெப்ரா.

பியூரன் ஏன்? விஷயத்தின் சாரமே இதுதான். சாதாரண ஆட்டோமேட்டிக்கில் கை அசைவுக்குச் சுழன்று ஸ்பிரிங்கை முறுக்கும் எடை, மெஷினின் முதுகில் முழு அகலத்துக்கும் உட்கார்ந்திருக்கும். அதன்மேல் குரோனோகிராஃபையும் ஏற்றினால் வாட்ச் தடித்துவிடும். பியூரனோ 1954லேயே காப்புரிமைக்கு விண்ணப்பித்து, அந்த எடையைச் சிறிதாக்கி மெஷினின் தடிமனுக்குள்ளேயே அடக்கியிருந்தது. முதுகு காலியானது. அந்த இடத்தில் குரோனோகிராஃப் தட்டை வைத்து மூன்று திருகுகளால் பிணைத்தார்கள்.

இரண்டு வீட்டார் செய்த இரண்டு பாகங்கள் ஒரே கேஸுக்குள் வாழ வேண்டும். பொத்தான்கள் வலப்பக்கம் என்றானபோது, இணைப்பின் அமைப்பால் அடிமெஷினின் சாவி இடப்பக்கம் போனது. விலை அதோடு முடியவில்லை. காலிபர் 11இல் எப்போதும் ஓடும் விநாடி முள் இல்லை. குரோனோகிராஃபை ஓடவிடாத நேரத்தில் வாட்ச் ஓடுகிறதா நிற்கிறதா என்று உடனே சொல்ல முடியாது. என் பார்வையில் இடப்பக்கச் சாவியை விட இதுவே பெரிய விட்டுக்கொடுப்பு.

கேஸும் வெளியாருடையதுதான். தண்ணீர் புகாத சதுர கேஸைச் செய்துகாட்டியது பிக்கெரே நிறுவனம். உடனே அதற்குத் தனியுரிமை வாங்கிக்கொண்டார் ஹாயர் நிறுவனத்தின் தலைவர் ஜாக் ஹாயர். 1969 மார்ச் 3 அன்று ஜெனீவாவிலும் நியூயார்க்கிலும் காலிபர் 11 அறிவிக்கப்பட்டது. எல் பிரிமேரோ என்ற தன் ஆட்டோமேட்டிக் குரோனோகிராஃபை ஜனவரியிலேயே ஜெனித் அறிவித்திருந்தது; சீக்கோவின் 6139 அதே ஆண்டு மே மாதம் ஜப்பானில் விற்பனைக்கு வந்தது. யார் முதல் என்ற வழக்கு இன்றும் ஓயவில்லை.

கலந்து கட்டிய வாட்ச் மட்டம் என்று நினைப்பவர்கள் பழைய ரோலெக்ஸ் டேடோனாவைத் திறந்து பார்க்கலாம். மெஷின் வால்ஜூவுடையது, டயல் சிங்கருடையது, சங்கிலிப்பட்டை கே ஃபிரேருடையது. நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த டேடோனா 2017இல் 1.77 கோடி டாலருக்கு மேல் ஏலம் போனது.

இன்று தனக்கென ஒரு குரோனோகிராஃபைச் சேர்த்துக் கட்ட விரும்புபவர் பெரும்பாலும் எடுப்பது, எட்மண்ட் காப்ட் வடிவமைத்த வால்ஜூ 7750 அல்லது அதன் வழிவந்த மெஷின். அதன் விட்டம் 30 மி.மீ., தடிமன் 7.9 மி.மீ. சின்ன வட்டங்கள் 6, 9, 12 மணி இடங்களில் இருக்கும். மணி முள்ளின் துளை 2.00 மி.மீ., நிமிட முள்ளினுடையது 1.20 மி.மீ. காலிபர் 11இன் வட்டங்களோ 3, 9 மணி இடங்களில். ஒன்றின் டயல் மற்றதில் உட்காராது. ஆகவே டயலின் அழகில் மயங்கி அதை முதலில் வாங்காதீர்கள். மெஷினை முடிவு செய்யுங்கள். அதன் அளவுகளைக் கையில் வைத்துக்கொண்டு கேஸைத் தேடுங்கள். டயலும் முட்களும் அதற்குப் பிறகு.