கடல் திரும்பும் வரை

எச். ஜி. வெல்ஸின் கதைகளை வாசகர்களுக்கு நான் அறிமுகப்படுத்த வேண்டியதில்லை. காலத்துக்குள் முன்னும் பின்னும் போய்வருகிற யந்திரத்தை 1895-லேயே கற்பனை செய்த மகானுபாவர். அவருடைய பிள்ளை ஜி. பி. வெல்ஸைத்தான் அதிகம் பேருக்குத் தெரியாது. அவர் லண்டன் யூனிவர்சிடி காலேஜில் விலங்கியல் பேராசிரியர். தகப்பனாரோடும் ஜூலியன் ஹக்ஸ்லியோடும் சேர்ந்து உயிர்களைப் பற்றி ஒரு பிரம்மாண்டமான புத்தகம் எழுதினார். அது போக, பல வருஷ காலத்தைக் கடற்கரை மணலில் வளை தோண்டி வசிக்கும் ஒரு புழுவுக்காகச் செலவிட்டார்.

அப்பா காலயந்திரம் கட்டினார். பிள்ளையோ, புழுவின் வயிற்றுக்குள் ஒரு கடிகாரம் ஓடுவதைக் கண்டுபிடித்தார். இரண்டில் எது பெரிய ஆச்சரியம் என்று என்னைக் கேட்டால், கதை எழுதிப் பிழைக்கிறவன் என்பதையும் மறந்து பிள்ளையின் பக்கமே கையைத் தூக்குவேன்.

அந்தப் புழுவுக்கு இங்கிலீஷில் 'லக்வார்ம்' என்று பெயர். நாம் மணற்புழு என்று வைத்துக்கொள்வோமே. வடமேற்கு ஐரோப்பாவின் கரைகளில் கடல் பின்வாங்கிப் போனதும் பார்த்தால், ஈர மணலெங்கும் தேன்குழலைப் பிழிந்து வைத்தாற்போலச் சின்னச் சின்ன மணல் சுருள்கள் கிடக்கும். ஒவ்வொரு சுருளுக்கும் சற்றுத் தள்ளி, விரலால் அழுத்தினது போல் ஒரு சிறு பள்ளம். பள்ளத்துக்கு நேர் கீழே புழுவின் தலை. சுருளுக்கு நேர் கீழே வால். நடுவில் ஒரு முழம் ஆழம் வரை வளைந்து போகிற பாதையில் ஸ்ரீமான் புழு குடித்தனம் நடத்துகிறார். தலைப்பக்கம் சரிந்து விழும் மணலை விழுங்க வேண்டியது, அதிலுள்ள சத்தை எடுத்துக்கொள்ள வேண்டியது, மிச்சத்தை வால்பக்கமாக மேலே தள்ள வேண்டியது. இதுதான் உத்தியோகம்.

என் மைத்துனன் நியூகாஸிலில் வேலை பார்க்கிறான். அவனிடம் போயிருந்தபோது, அங்கிருந்து வடக்கே உள்ள ஹோலி ஐலண்ட் என்ற தீவுக்கு அழைத்துப் போனான். பழைய மடாலயம் இருந்த தீவு. தினம் இரண்டு முறை கடல் வந்து சாலையை மூடிவிடும். நேரம் தப்பிப் போகிறவர்கள் ஏறி உட்கார்ந்து உயிர் பிழைப்பதற்காக உயரக் கால்களின் மேல் சிறு கூண்டு கட்டி வைத்திருக்கிறார்கள். எல்லாரும் மடாலயத்தைப் பார்க்கப் போனார்கள். நான் சாலை ஓரத்து மணலைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கண்ணுக்கெட்டிய தூரம் தேன்குழல்!

இதே மணலில்தான் 1890-களில் சார்லஸ் டேவிசன் என்பவர் உட்கார்ந்து அந்தச் சுருள்களை எண்ணி நிறுத்துப் பார்த்தார். ஏக்கருக்குச் சராசரி 82,000 சுருள். வருஷத்துக்கு ஏக்கருக்குச் சுமார் 1,900 டன் மணல் கீழிருந்து மேலே வருகிறது என்று கணக்கு வந்தது. நிலத்து மண்புழு ஏக்கருக்குப் பத்து டன் மண்ணைப் புரட்டுகிறது என்று டார்வின் 1881-ல் எழுதியதற்கே உலகம் மூக்கில் விரலை வைத்தது!

வெல்ஸின் பிள்ளை கண்ட கடிகாரத்துக்கு வருகிறேன். புழு ஏறக்குறைய ஏழு நிமிஷத்துக்கு ஒரு தரம் சாப்பிடுகிறது. நாற்பது நிமிஷத்துக்கு ஒரு தரம் வாலை மேலே தூக்கிக் கழிவைத் தள்ளுகிறது. அத்தோடு உடம்பை அலை அலையாக அசைத்து வளைக்குள் புதுத் தண்ணீர் இறைத்துக்கொள்கிறது. பசித்தால் சாப்பிடுகிறது என்றுதானே நாம் நினைப்போம்? வெல்ஸ் புழுவின் உணவுக்குழலை மட்டும் தனியே எடுத்துக் கடல் நீரில் தொங்கவிட்டார். உடம்பு இல்லை, பசி இல்லை, மணல் இல்லை. ஆனாலும் அந்தக் குழல் சில நிமிஷங்களுக்கு ஒரு தரம் துடித்தது, ஓய்ந்தது, மறுபடி துடித்தது. கடிகாரம் அதிலேயே இருக்கிறது.

வாலைத் தூக்குகிற வேளைதான் புழுவுக்கு ஆபத்து. பறவையும் தட்டை மீனும் அதற்காகவே காத்திருக்கும். வால் நுனி போனால் போகட்டும் என்று புழு கீழே இறங்கிவிடும். போன கணுக்கள் திரும்ப முளைப்பதில்லை; மிச்சம் இருப்பவை கொஞ்சம் நீண்டுகொள்கின்றன. நம்மில் பல குடும்பஸ்தர்கள் சம்பளத்தை வைத்துக்கொண்டு செய்கிற காரியம்தான்.

இந்தச் சாமர்த்தியமெல்லாம் தண்ணீர் இருக்கிறவரை. கடல் விலகிப் போய்விட்டால்? இறைக்கத் தண்ணீர் இல்லை. சுற்றிலும் அழுகிய முட்டை நாற்றம் வீசும் கறுப்பு மணல். அதில் பிராணவாயு என்ற பேச்சே கிடையாது. மணிக்கணக்காக அப்படியே கிடக்க வேண்டும். அதற்காகப் புழு தன் ரத்தத்தில் பிராணவாயுவைச் சேமித்து வைத்துக்கொள்கிறது. நம் ரத்தத்தின் சிவப்புச் சத்து நாலு பிராணவாயு மூலக்கூறுகளைச் சுமக்கும். புழுவினுடையதோ 156-ஐச் சுமக்கும்! நமக்கு அது அணுக்களுக்குள் அடைபட்டிருக்கிறது. புழுவுக்கு ரத்தத்தில் அப்படியே கரைந்திருக்கிறது. ஆகவே ரத்த வகை என்ற தொல்லையும் இல்லை. சேமிப்பு தீர்ந்தால் பிராணவாயு இல்லாமலே, அடுப்பைத் தணித்து வைத்தாற்போல, மெள்ள மெள்ள ஜீவித்திருக்கிறது.

இதை நான் விசாரித்ததற்கு ஒரு காரணம் உண்டு. என் சித்தப்பா மகனுக்கு இரண்டு சிறுநீரகங்களும் பழுதாகி, வாரத்தில் மூன்று நாள் டயாலிஸிஸ். மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பெயர் பதிந்து காத்திருக்கிறான். ஒரு நாள் இரவு இரண்டு மணிக்கு அழைப்பு வந்தது. குளித்து, விபூதி இட்டுக்கொண்டு ஓடினான். விடியும்வரை உட்கார்ந்திருந்தான். பிறகு டாக்டர் வந்து, "எடுத்து நேரம் ரொம்ப ஆகிவிட்டது; இதை உங்களுக்கு வைப்பது உசிதமில்லை" என்று சொல்லி அனுப்பிவிட்டார். எடுத்த சிறுநீரகத்தைக் குளிர்ந்த திரவத்தில் கழுவிப் பனிக்கட்டிப் பெட்டியில் வைக்கிறார்கள். குளிர் அதன் பசியைக் குறைக்குமே தவிர அடியோடு நிறுத்திவிடாது. பெட்டிக்குள் அது மூச்சு முட்டிக் கிடக்கிறது.

கடல் விலகிய வேளையில் மணற்புழு கிடக்கிற அதே நிலைமை! இந்த ஒற்றுமை பிரான்ஸில் பிராங்க் ஸல் என்ற விஞ்ஞானிக்குப் புலப்பட்டது. வற்றிய மணலில் புழு எப்படி மூச்சுவிடுகிறது என்று ஆராயப் போனவர், 2007-ல் பிரிட்டனி பிரதேசத்தில் ஹெமரினா என்று ஒரு கம்பெனியே ஆரம்பித்துவிட்டார். புழுவின் ரத்தச் சத்தைப் பிரித்தெடுத்து, உறுப்பைக் காக்கும் திரவத்தில் கலப்பதுதான் யோசனை. 2016-ல் மனிதர்களுக்கு வைக்கும் சிறுநீரகங்களில் சோதனை தொடங்கியது. இறந்தவர் ஒருவரின் இரண்டு சிறுநீரகங்களில் ஒன்றுக்குப் புழுச் சத்து கலந்த திரவம். மற்றதற்கு வழக்கமான திரவம். 2020-ல் முடிவு வெளியாயிற்று: கெடுதல் ஒன்றும் இல்லை; புழுச் சத்தில் கிடந்தவை வைத்தவுடன் வேலை செய்யத் தயங்குவது குறைவு. 2022-ல் ஐரோப்பாவில் அனுமதியும் கிடைத்தது. நுவார்முட்டியே என்ற தீவில் கோழிப்பண்ணை மாதிரி புழுப்பண்ணை வைத்திருக்கிறார்கள்.

ஊர் திரும்பியதும் தம்பியிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். டயாலிஸிஸ் முடிந்து களைத்துப் படுத்திருந்தான். கடைசிவரை கண்ணை மூடிக்கொண்டே கேட்டான்.

"அண்ணா, அந்தப் புழு கடிக்குமா?"

"கடிக்காது. அதற்குப் பல்லே கிடையாது."

"அப்படியானால் சரி" என்று திரும்பிப் படுத்துக்கொண்டான்.