மண்டைக்காட்டுக்கு வடக்கே

மாசிக் கொடைக்கு மண்டைக்காடு செல்பவர்கள், புற்று வடிவாக விளங்கும் பகவதியம்மனைத் தரிசித்துவிட்டுக் கடற்கரைக்கு வந்தால், அங்கே ஒரு ரஸமான விவாதத்தைக் கேட்கலாம். பத்து நாள் உத்ஸவத்துக்கு ஜனங்கள் எத்தனை பேர் வந்திருக்கிறார்கள் என்பதே விவாதம். கேரளத்திலிருந்து இருமுடி தாங்கி வரும் பெண்கள் மட்டுமே திரள் திரளாக நிற்பார்கள். ஒருவர் லட்சம் என்பார். பக்கத்தில் கடலை கொறிப்பவர் இரண்டு லட்சம் என்பார். இருவருக்கும் ஆதாரம் ஒன்றே: கண் மதிப்பு! பட்டப் பகலில், வெட்டவெளியில், ஓடி ஒளியாமல் நிற்கும் மனிதர் கணக்கே இப்படி இருக்கிறது.

இவ்வூரின் பெயரில்தான் காடு இருக்கிறது; ஊரில் தென்னந்தோப்புகளே இருக்கின்றன. மெய்யான காட்டைக் காண வேண்டுமானால் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வடக்கே போக வேண்டும். தக்கலையையும் குலசேகரத்தையும் கடந்து, ரப்பர் தோட்டங்களின் நிழலில் பிரயாணம் செய்து, பேச்சிப்பாறை அணையை அடைந்தால் மலைகள் எதிர்கொண்டு நிற்கும். அந்தப் பக்கத்து மலைகளில்தான் 402 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள கன்னியாகுமரி வனவிலங்குச் சரணாலயம் இருக்கிறது. யானை உண்டு, காட்டுமாடு உண்டு, வரையாடும் புலியும் உண்டு. எத்தனை என்று கேட்டால்தான் சங்கடம். அவை வரிசையில் வந்து ஆஜர் சொல்லும் பிள்ளைகள் அல்லவே!

எத்தனை இருந்தால் என்ன, இருக்கிறதே போதாதா என்று நினைப்பவர்கள் ராஜஸ்தானத்து ஸரிஸ்காவின் கதையைக் கேட்க வேண்டும். அங்கே புலிகளின் காலடித் தடத்தைப் படியெடுத்து, ‘இது ஒரு புலி, இது வேறொரு புலி’ என்று வருஷந்தோறும் எண்ணி வந்தார்கள். பதிவேட்டில் புலிகள் சுகமாக வாழ்ந்தன. 2005-ல் தேடிப் பார்த்தபோது காட்டில் ஒரு புலிகூட இல்லை. எல்லாம் வேட்டைக்காரர்களுக்கு இரையாகிவிட்டன. ஈர மண்ணில் ஒருவிதமாகவும் காய்ந்த மண்ணில் வேறுவிதமாகவும் ஒரே பாதம் பதியும் என்பதை ஏட்டுக் கணக்கு பொருட்படுத்தவில்லை. பிறகு அந்த முறை கைவிடப்பட்டது. 2006-ல் புதிய முறைப்படி எண்ணியபோது நாடு முழுவதற்கும் கிடைத்தவை 1,411 புலிகளே.

புதிய முறையை மண்டைக்காட்டு மணலிலேயே விளக்கிவிடலாம். ஒரு சாக்கு நிறையச் சிப்பிகள் இருக்கின்றன. எத்தனை என்று தெரியாது. ஐம்பது சிப்பிகளை எடுத்து மையால் புள்ளி வைத்து, மறுபடி சாக்கில் போட்டு நன்றாகக் கலக்குங்கள். இரண்டாம் முறை நாற்பது எடுக்கிறோம். அவற்றில் எட்டில் புள்ளி இருக்கிறது. அதாவது ஐந்தில் ஒன்று. ஆகவே நாம் புள்ளி வைத்த ஐம்பதும் மொத்தத்தில் ஐந்தில் ஒரு பங்கே. சாக்கில் உள்ளவை சுமார் 250. புலிக்குப் புள்ளி வைக்கும் தைரியம் யாருக்கு உண்டு? தேவையில்லை, பிரமனே வரி போட்டு அனுப்பியிருக்கிறான். ஒரு புலியின் வரி மற்றொன்றுக்கு இராது. காட்டுப் பாதையின் இரு மருங்கிலும் தானே படம் பிடிக்கும் காமிராக்களை வைத்து, முதலில் கண்ட புலி மறுபடி எத்தனை தடவை வருகிறது என்று பார்த்தால் கணக்கு முடிந்தது. கர்நாடகத்து நாகரஹொளேயில் உல்லாஸ் கரந்த் என்னும் விஞ்ஞானி 1990-களின் ஆரம்பத்தில் இம்முறையைக் கையாண்டார்.

யானைக்கு வரி இல்லை. அதற்கு வேறு உபாயம் உண்டு. வாசகர்கள் முகம் சுளிக்க வேண்டாம். அதன் லத்தியை எண்ணுகிறார்கள்! 2024 மே மாதம் 23 முதல் 25 வரை தென்னாட்டு மாநிலங்கள் ஒரே சமயத்தில் கணக்கெடுத்தபோது, முதல் நாள் காட்டைப் பகுதிகளாகப் பிரித்துக்கொண்டு நேரில் கண்ட யானைகளைக் குறித்தார்கள். இரண்டாம் நாள் நேர்க்கோடாக நடந்து, இருபுறமும் தென்பட்ட லத்திக் குவியல்கள் கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்று அளந்தார்கள். மூன்றாம் நாள் நீர்நிலைகளில் காத்திருந்து ஆண், பெண், குட்டி என்று பகுத்தார்கள். தூரத்தை ஏன் அளக்க வேண்டும்? காலடியில் உள்ளது கண்ணுக்குத் தப்பாது. புதருக்குப் பின்னால் உள்ளது தப்பும். தூரம் கூடக் கூடக் காண்பவை எப்படிக் குறைகின்றன என்பதிலிருந்தே, காணாமல் விட்டவை எவ்வளவு என்று கணிதம் சொல்லிவிடுகிறது.

சதுர கிலோமீட்டருக்கு 1,600 குவியல்கள் என்று வைத்துக்கொள்வோம். யானை ஒன்று நாளொன்றுக்குச் சுமார் பதினாறு தடவை லத்தி போடுகிறது. குவியல் மட்கி மறைய நூறு நாளானால், அங்கே இருப்பது ஒரு யானை. ஐம்பதே நாளில் மறையுமானால், அதே குவியல்களுக்கு இரண்டு யானைகள்! குமரி மலைகளிலோ இரண்டு பருவ மழையும் பெய்கின்றன. சாணத்தை உருட்டும் வண்டுகளும் சும்மா இருப்பதில்லை. வறண்ட காட்டில் கண்ட நாள் கணக்கை இங்கே பொருத்தினால் யானைத் தொகை பிசகிவிடும். நம் மலையின் லத்தியை நம் மலையிலேயே நாள்தோறும் பார்த்து அறியத்தான் வேண்டும். அந்த ஆண்டு தமிழ்நாட்டு மதிப்பு 3,063 யானைகள்.

வரையாட்டுக்குச் சிப்பிக் கணக்கையே சற்று மாற்றிக்கொள்கிறார்கள். இருவர் ஒரே புல்மேட்டைத் தனித்தனியே பார்க்கிறார்கள். ஒருவர் பத்து மந்தை கண்டார்; மற்றவர் ஒன்பது; இருவரும் கண்டவை ஆறு. பத்தை ஒன்பதால் பெருக்கி ஆறால் வகுத்தால் பதினைந்து. இருவரும் சேர்ந்து கண்டவை பதின்மூன்றே. ஆக, இரண்டு மந்தைகள் பாறைக்குப் பின்னால் இருந்துகொண்டு நம்மைப் பார்த்திருக்கின்றன.

தமிழ்நாட்டில் 2024-ல் வரையாடுகள் 1,031 என்றார்கள், 2025-ல் 1,303. ஒரே வருஷத்தில் 272 அதிகமென்று பத்திரிகைகள் மகிழ்ந்தன. நமக்கும் மகிழ்ச்சியே. ஆனால் இரண்டாம் முறை முன்னிலும் அதிகமான இடங்களில் தேடினார்கள். அந்த 272-ல் புதிதாகப் பிறந்தவை எத்தனை, முன்பே அங்கே மேய்ந்துகொண்டிருந்தவை எத்தனை என்பது, அதே மேடுகளை அதே முறையில் இன்னும் சில வருஷம் ஏறி இறங்கினால்தான் பிரித்தறியக் கூடும்.